உப்பு விளையாத பாத்தி

மரக்காணம்
24-6-1974
(அஞ்சலட்டை)

உ
அன்புள்ள அப்பாவுக்கு நாயகி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அண்ணனும் அண்ணியும், சினையாக இருக்கிற செவலைப் பசுவும் சுகந்தானா?

அண்ணன் என்னை இங்கே விட்டுவிட்டு அங்கே வந்து எல்லாம் சொல்லியிருப்பார். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அறிவியல் நடத்தக் கொடுத்திருக்கிறார்கள். குடியிருப்பது உப்பளத்தில் வேலை செய்யும் காசிலிங்கம் என்பவர் வீட்டில். அவர் மனைவி பெயர் சின்னப்பாப்பா. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. எனக்கு ஓர் அறை தந்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.

கொல்லையில் மூன்று பாய் விரிக்கிற அளவு இடம் சும்மா கிடக்கிறது. கத்தரி போடலாம் என்று இருக்கிறேன். நான் புறப்பட்ட அன்று நீங்கள் வீட்டில் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் வந்தது மனதில் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மகள்
தெய்வநாயகி

*

வானூர்
5-7-1974
(இன்லண்ட்)

அன்புள்ள நாயகிக்கு அண்ணி ஆண்டாள் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டாவது தடவை சோறு கேட்காமல் எழுந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கிச் சாப்பிடு.

உன் கார்டு வந்தது. தபால்காரர் குழந்தைசாமி தெருமுனையிலேயே நின்று படித்து முடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தார். "பஞ்சநாதண்ணே, உங்க பொண்ணு அங்க கத்தரி போடப் போவுதாம்!" என்று மூன்று வீட்டுக்கு முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. உன் அண்ணன் அதை வாங்கி, ஒருமுறை மாமாவுக்குப் படித்துக் காட்டினார்.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உப்பு மண்ணுல பச்சை புடிக்குமாடா? பச்சையே புடிக்காத ஊர்ல எம் பொண்ணு எப்பிடி நிப்பா?"

உன் அண்ணன், "அது படிச்ச பொண்ணுப்பா, பார்த்துக்கும்" என்றார்.

"படிச்சவளுக்குத்தான் சொல்றேன். வர்ற சித்திரைக்குள்ள, சித்திரை வெயில்ல, அந்த மண்ணுல காச்ச ஒரு கத்தரிக்காயைக் கொண்டாந்து எங் கையில குடுக்கட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்கலை. அங்கியே இருக்கட்டும். இல்லன்னா வைகாசியில கிளியனூர்க் கலியன் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிடுவேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நாயகி. கலியன் வீட்டில் வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். ஒரு கத்தரிக்காயில் உன் உத்தியோகம் தொங்குகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். கார்டில் எழுதுவதை ஊரே படிக்கும். மனதில் இருப்பதை ஒட்டின இன்லண்டில் எனக்கு எழுது. அதை நான் ஒருத்திதான் பிரிப்பேன்.

அன்புடன்
அண்ணி

*

மரக்காணம்
18-8-1974
(இன்லண்ட்)

அன்புள்ள அண்ணிக்கு நாயகி வணக்கம். நான் சுகம். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒரு தடவை கேட்டேன்.

நேற்று அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன். "நாற்று நட்டாயிற்று, செடிகள் நலம்" என்று எழுதியிருக்கிறேன். அது பொய், அண்ணி. இருபது நாற்று நட்டேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இலை ஓரமெல்லாம் சுட்ட அப்பளம் போலச் சுருண்டு கருகிவிட்டது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

வீட்டுக் கிணறு கரிப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைச் சின்னப்பாப்பா அக்கா கடலோர மணல்மேட்டு ஊற்றிலிருந்து இடுப்பில் சுமந்து வருகிறார். அதைச் செடிக்குக் கேட்க எனக்கு மனம் வருமா? அரிசி களைந்த தண்ணீரும் முகம் கழுவுகிற தண்ணீரும்தான் ஊற்றினேன். காலையில் ஊற்றினால் பத்து மணிக்குள் காய்ந்துவிடுகிறது.

இந்த ஊர்ப் பெண்கள் கொல்லையைப் பெருக்குவதை நீங்கள் பார்க்க வேண்டும். அளத்தில் பாத்தித் தரையை மிதித்து மிதித்துப் பளிங்கு மாதிரி ஆக்குகிறார்கள். தூசி விழுந்தால் உப்பு கறுத்துவிடுமாம். அதே பழக்கம் வீட்டிலும். ஒரு சருகு கிடந்தால், "அந்த வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். அக்கா என் கத்தரிப் பாத்தியைக்கூட விளக்குமாற்றால் வழித்துச் சுத்தமாக வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சவுக்குத் தோப்பு வழியாக நடந்தேன். சருகு மெத்தை போல் கிடக்கிறது. அதை விலக்கி விரலை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்று ஈரம். தோப்பைத் தாண்டி நாலடி வந்தால் வெறும் மணல் காலைச் சுடுகிறது, வெள்ளையும் பூத்திருக்கிறது. இரண்டும் ஒரே மண்தானே, அண்ணி?

கல்லூரியில் இதற்கு 'மூடாக்கு' என்று அரைப்பக்கப் பாடம் இருந்தது. மண்ணைச் சருகால் மூடினால் ஈரம் காக்கும், களை குறையும், மண் குளிரும் என்று மனப்பாடம் செய்து ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் வாங்கினேன். ஒரு பிடி சருகைக்கூட எங்கேயும் போட்டுப் பார்த்ததில்லை. இப்போது போடப்போகிறேன். செடி செத்ததை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

தங்கள்
நாயகி

*

வானூர்
4-9-1974
(இன்லண்ட்)

அன்புள்ள நாயகிக்கு, ஆண்டாள். நாங்கள் நலம். செவலை கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் ஒரு சுட்டி. சீம்பால் காய்ச்சும்போது உன்னை நினைத்துக்கொண்டேன்.

"செடிகள் நலம்" கார்டை உன் அண்ணன் படித்தார். மாமா "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷமாக எனக்கும் தெரியவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.

கலியன் சம்சாரம் வந்திருந்தது. உன் போட்டோ கேட்டது. கல்லூரியில் எல்லோரும் நின்று எடுத்த படம்தானே இருக்கிறது? அதைக் கொடுத்தேன். அதில் உன் முகம் பாதி. மீதிக்குப் பக்கத்துப் பெண்ணின் தோள். அந்தம்மா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணு அடக்கமா இருக்குது" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உள்ளே ஓடிவிட்டேன். பையன் நல்ல பையன். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அதுதான் கஷ்டம்.

சருகைப் போட்டு மூடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சருகில் பாம்பு பூச்சி வரும். குனிவதற்கு முன்னால் குச்சியால் ஒரு தட்டுத் தட்டு. சத்தமாகத் தட்டு. நீ தட்டினால் பாம்புக்குக் கேட்காது.

அண்ணி

*

மரக்காணம்
8-10-1974
(இன்லண்ட்)

அன்புள்ள அண்ணிக்கு, நாயகி. சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

மறுபடியும் தோற்றுவிட்டேன். இந்தத் தடவை ஓலையால்.

அறுத்த உப்பை இங்கே வரப்பு ஓரம் அம்பாரமாகக் குவித்து, மழையில் கரையாமல் இருக்க ஓலை வேய்ந்து மூடி வைக்கிறார்கள். மழைக்காலம் வருகிறது என்று பழைய ஓலையை மாற்றினார்கள். கொல்லையை மூட ஏதாவது வேண்டும் என்று நான் வாய்க்குள் முனகினது காசிலிங்கம் அண்ணன் காதில் விழுந்திருக்கிறது. தலைச்சுமையாக ஐந்து கட்டுப் பழைய ஓலை கொண்டுவந்து போட்டார். "ஓலைதானே டீச்சரு, எவ்ளோ வேணும்னாலும் கெடக்குது, எடுத்துக்கோ." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புது நாற்று வாங்கி நட்டு, சுற்றிலும் ஓலையைப் பரப்பினேன்.

அன்று இரவே நல்ல மழை. ஒரு வருஷமாக உப்பின் மேல் கிடந்த ஓலை அல்லவா? அதில் ஊறியிருந்த உப்பெல்லாம் கழுவிக்கொண்டு நேராகப் பாத்திக்குள் இறங்கிவிட்டது. நாலாம் நாள் ஒரு செடி இல்லை. உப்பு அம்பாரத்தின் ஓலையில் உப்பு இருக்கும் என்று யோசிக்கப் பட்டம் வேண்டுமா? நாங்கள் மூன்று பேரும் பாத்தியைச் சுற்றி நின்று பார்த்தோம். அண்ணன்தான் முதலில் சிரித்தார். "நாப்பது வருஷமா உப்புலியே கெடக்கறேன், எனக்கும் தோணலியே!" நானும் சிரித்தேன். அறைக்குள் வந்த பிறகுதான் அழுகை வந்தது.

இன்னொரு விஷயம். செடி செத்த மறுநாள், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது யாரோ ஒரு பெரியவர் வந்து அக்காவிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தாராம். மாட்டுவண்டியில் உப்பு வாங்க வந்தவராம். வேலி ஓரம் நின்று பாத்தியை ரொம்ப நேரம் பார்த்தாராம். "இது யாரு வெச்ச செடி?" என்று கேட்டாராம். "எங்க டீச்சரு வெச்சது. பாவம், ரெண்டாந் தடவையா போச்சுது" என்று அக்கா சொல்லியிருக்கிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். வழிப்போக்கர்வரை என் பாத்தியைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள்.

அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நாயகி

*

மரக்காணம்
12-10-1974
(அஞ்சலட்டை)

அன்புள்ள அப்பாவுக்கு நாயகி வணக்கம். இங்கே மழை தொடங்கிவிட்டது. நான் நலம். செடிகள் செழிப்பாக இருக்கின்றன. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். மழையில் நனையாதீர்கள்.

தெய்வநாயகி

*

வானூர்
22-12-1974
(இன்லண்ட்)

அன்புள்ள நாயகிக்கு, ஆண்டாள். கோபித்துக்கொள்ளாதே. இரண்டு மாதமாக எழுதவில்லை. நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து, நடுவில் மழைக்கு வாரி, மறுபடி காயவைத்து, விரல் நகமெல்லாம் போய்விட்டது. எல்லோரும் நலம். கன்றுக்குட்டிக்கு இன்னும் பெயர் இல்லை. நீ வந்து வைப்பாய் என்று மாமா சொல்லிவிட்டார்.

மாமாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். அக்டோபரில் நீ போட்ட "செழிப்பாக இருக்கின்றன" கார்டை உன் அண்ணன் படித்தார் அல்லவா? மாமா, "இன்னொரு தடவை படி" என்றார். படித்தார். கார்டை வாங்கி மேல்துண்டில் முடிந்துகொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதற்கப்புறம் கத்தரிக்காய்ப் பேச்சையே எடுப்பதில்லை. கிண்டல் செய்வதும் இல்லை. கிண்டல் செய்தால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

கலியன் சித்திரைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நீ திரும்பி வந்துவிட்டால் எனக்குப் பேச்சுத்துணை. கிளியனூர் பக்கம்தான். அப்படி நினைக்காமல் இல்லை. ஆனால் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது அரைப்பரீட்சையோடு நிறுத்தினார்கள். முழுப்பரீட்சை எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ முழுப்பரீட்சை எழுது. மழை விட்டதும் மறுபடி நாற்று விடு.

அண்ணி

*

மரக்காணம்
27-1-1975
(இன்லண்ட்)

அன்புள்ள அண்ணிக்கு நாயகி வணக்கம். உங்கள் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். பொங்கலுக்கு வரவில்லை என்று வருத்தம் வேண்டாம். நாற்று நடுகிற சமயம்.

மழை மண்ணில் இருந்த உப்பை நன்றாகக் கீழே அழுத்தியிருக்கிறது. அது மறுபடி மேலே வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். தொழு எரு இரண்டு கூடை வாங்கிக் கொத்திப் பதினாறு நாற்று நட்டேன். சவுக்குத் தோப்பிலிருந்து மூன்று சாக்குச் சருகு வாரிவந்து, தண்டில் படாமல் நாலு விரல் தள்ளி, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினேன். தண்டில் பட்டால் அழுகிவிடும். பாத்தி ஆட்டுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் ஒரு சருகு இல்லை. பாத்தி வழித்து விட்ட மாதிரி இருக்கிறது. வேலி மூலையில் சருகு குவியலாகக் கிடக்கிறது. அக்கா பெருக்கியிருக்கிறார்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, அண்ணி. அவர் வீடு, அவர் கொல்லை, அவர் விளக்குமாறு. நான் பேசாமல் குவியலை அள்ளி மறுபடி பரப்பினேன். மறுநாள் அவர் பெருக்கினார். சாயந்திரம் நான் பரப்பினேன். இன்றோடு பத்து நாள் ஆகிறது. காலையில் அவர் பெருக்குகிறார், மாலையில் நான் பரப்புகிறேன். இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்கிறோம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டு செடியின் இலை ஓரம் சுருளத் தொடங்கியிருக்கிறது.

நாயகி

*

வானூர்
11-2-1975
(இன்லண்ட்)

நாயகிக்கு, ஆண்டாள். நலம் விசாரிக்க இடமில்லை, திட்டுவதற்கே இந்தத் தாள் போதாது.

அடி அசடே, வாயைத் திற! ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் சொல்கிறாய், ஒருத்தியிடம் "அக்கா, பெருக்காதீங்க" என்று சொல்ல முடியாதா? என்ன ஆகிவிடும்? விளக்குமாற்றால் அடிப்பாளா?

இனி என் கதை. நீ எழுதினதைப் படித்து நானும் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற பாத்தியை மூடினேன். விதைக்கு உடைத்த மல்லாட்டைத் தோல்தான் மலைபோலக் கிடக்கிறதே, அதைப் போட்டேன். மாமா பார்த்துவிட்டு, "ஏம்மா, பாத்திக்குக் குளுருதா? கம்பளி போத்திக் கெடக்குது?" என்றார். உன் அண்ணனும் சேர்ந்துகொண்டு, "தலகாணி ஒண்ணு வெச்சுடு" என்றார். போகட்டும்.

தினம் பன்னிரண்டு குடம் இறைத்து ஊற்றுவேன். இப்போது ஐந்து குடம், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். இடுப்பு வலி குறைந்திருக்கிறது. களை பிடுங்கியே பத்து நாள் ஆகிறது. நேற்று மாமா யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கால் கட்டைவிரலால் தோலை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும், "கோழி கிளறி வெச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நம் வீட்டில் கோழியே இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த அம்மாளிடம் பேசு. பேசிவிட்டுத்தான் எனக்கு எழுத வேண்டும்.

அண்ணி

*

மரக்காணம்
18-3-1975
(இன்லண்ட்)

அன்புள்ள அண்ணிக்கு நாயகி வணக்கம். எல்லோரும் சுகமா? இடுப்பு வலி முழுவதும் விட்டதா?

பேசிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று இல்லை. நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் விடியற்காலையில் அக்கா விளக்குமாற்றோடு கொல்லைக்கு வந்தபோது, நான் முந்திக்கொண்டு போய்ப் பாத்திமேல் நின்றுவிட்டேன். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அக்கா, இது குப்பை இல்லை" என்று மட்டும் வந்தது.

அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி! வேணும்னா போட்டே? நான் வேலி மூலையில தள்றதைக் காத்து வாரியாந்து போடுதுன்னு இல்ல நெனச்சேன்! தெனம் தள்றேன், தெனம் வருது. இந்தக் கொல்லையில என்னாடா காத்துன்னு அவருகிட்ட கூடச் சொன்னேன்!"

"அப்போ என்னைப் பார்த்து ஏன் சிரிச்சீங்க?"

"நீ சிரிச்சே, நான் சிரிச்சேன்!"

சத்தம் கேட்டுக் காசிலிங்கம் அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வந்தார். நான் பாடத்தில் படித்ததைத் தட்டுத் தடுமாறிச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் கையை உயர்த்தினார். உட்கார்ந்து சருகை விலக்கி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். பிறகு பாத்திக்கு வெளியே வெறும் தரையில் கிள்ளி அதையும் நாக்கில் வைத்தார். துப்பினார்.

"இதுக்குப் பாடமா டீச்சரு? பாப்பா, நாம அளத்துல என்னா பண்றோம்? பாத்தியைத் தொறந்து போடறோம். சூரியன் தண்ணியக் குடிச்சுட்டு உப்பை மேல துப்பிட்டுப் போவுது. ஒரு நாள் மேகம் மூடினாலே வெளைச்சல் இல்லன்னு தலையில கைய வெச்சுக்கறோம். நீ இந்தப் பாத்தியையும் பெருக்கிப் பெருக்கித் தொறந்து உட்டிருக்கே. அப்போ இங்க என்னா வெளையும்? உப்புதான் வெளையும். டீச்சரு மூடிப் போட்டிருக்குது. மூடின பாத்தியில எங்கியாவது உப்பு வெளைஞ்சிருக்குதா?"

அண்ணி, ஐந்துக்கு ஐந்து வாங்கிய என் அரைப்பக்கத்தில் இவ்வளவு இல்லை.

அன்றிலிருந்து அக்கா பாத்தியைச் சுற்றிப் பெருக்குகிறார். சருகின் ஓரத்தைக் கோடு போட்ட மாதிரி நேராக நிறுத்துகிறார். பக்கத்து வீட்டு வேலம்மாள், "என்னா சின்னப்பாப்பா, கொல்லையில குப்பை" என்று கேட்டதற்கு, "குப்பையா? வாயக் கழுவு. அது மூடாக்கு" என்றார். அந்தச் சொல்லை என்னிடம் நான்கு முறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

பதினாறில் மூன்று போய்விட்டன. பதிமூன்று நிற்கின்றன. நேற்று முதல் பூ. ஊதா நிறம். காயாகுமா என்று தெரியவில்லை. இன்னும் பங்குனி வெயில் இருக்கிறது, சித்திரை இருக்கிறது.

ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து ஒரு மாதம் சருகு அள்ளினேன். அப்பாவிடம் எத்தனை மாதமாக அள்ளிக்கொண்டிருக்கிறேன்?

நாயகி

*

மரக்காணம்
29-4-1975
(அஞ்சலட்டை)

அன்புள்ள அப்பாவுக்கு நாயகி வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா?

ஆகஸ்டில் செடிகள் நலம் என்று எழுதினேன். அப்போது எல்லாம் செத்திருந்தன. அக்டோபரில் செழிப்பு என்று எழுதினேன். அப்போதும் செத்திருந்தன. என் தவறு. தையில் நட்டதில் பதிமூன்று பிழைத்தன. இன்றுவரை பதினொரு காய் பறித்தோம், இன்னும் பிஞ்சு இருக்கிறது. சருகு போட்டு மண்ணை மூடியிருக்கிறேன். நான் இல்லாவிட்டாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை சின்னப்பாப்பா அக்கா தண்ணீர் ஊற்றினால் போதும் என்பதால் விடுமுறைக்கு வருகிறேன். காய் கொண்டு வருகிறேன். காய்க்காமல் போயிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பேன்: எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஜூனில் இங்கே திரும்ப வேண்டும். கலியன் மாமா வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதை ஊரே படிக்கும் என்று தெரிந்துதான் கார்டில் எழுதுகிறேன்.

தங்கள் மகள்
தெய்வநாயகி

*

வானூர்
6-5-1975
(இன்லண்ட்)

என் அருமை நாயகிக்கு, ஆண்டாள். எல்லோரும் நலம். நான் மட்டும் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, சந்தோஷத்தில்.

உன் கார்டு வந்த நேரத்தைச் சொல்கிறேன் கேள். கலியன் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். குழந்தைசாமி வாசலில் வந்து நிற்கிறார். வழக்கமாகத் தெருமுனையிலேயே சத்தம் போடுகிற மனுஷன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கார்டைக் கவிழ்த்து உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

உன் அண்ணன் கலியனைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். "அப்புறம் படிக்கறேம்ப்பா" என்றார்.

"கார்டுதானே? படி" என்றார் மாமா.

படித்தார். "செத்திருந்தன" என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. "கலியன் மாமா" வந்ததும் நின்றேவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"நிறுத்தாத. படி."

முழுக்கப் படித்தார். கலியன் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "என்னா பஞ்சநாதன், பொண்ணு கார்டுல எழுதுது?"

"ஆமாம்பா. ஒளிக்காம எழுதியிருக்குது" என்றார் மாமா. "எம் பொண்ணு பேசாத பொண்ணுன்னு உங்கிட்டச் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத. உம் பையனுக்கு நல்ல எடமாத் தேடு, கூட நானும் வர்றேன்."

கலியன் செம்பை மறுபடி எடுத்து மிச்ச மோரைக் குடித்து முடித்தார். பிறகு, "அந்த உப்பு மண்ணுலியா காச்சுது?" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் சமையல்கட்டுக்குப் பின்னால் போய் என் பாத்தியை ஆராய்ச்சி செய்துகொண்டு நின்றார்கள். போகும்போது அவர் துண்டில் ஒரு பிடி மல்லாட்டைத் தோல் இருந்தது. எதற்கென்று நான் கேட்கவில்லை.

சாயந்திரம் மாமா தானே சாக்கு எடுத்துத் தோலைப் புடைத்து நிரப்பி, வாயைத் தைத்தார். நாளைக் காலை மரக்காணம் பஸ்ஸில் போட்டு விடுகிறோம். கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறோம். நீ புறப்படுவதற்கு முன்னால் பாத்தியில் போட்டுவிட்டு வா. உன் சவுக்குச் சருகு மக்கி மெலிந்திருக்கும் அல்லவா?

கன்றுக்குப் பெயர் யோசித்துக்கொண்டு வா. இந்தத் தாளின் அடியில் மாமா தானும் இரண்டு வரி எழுத வேண்டும் என்கிறார். அரை மணியாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். இடம் விடுகிறேன்.

அண்ணி

நாயகிக்கு அப்பா ஆசீர்வாதம். புரட்டாசியில் உப்பு வாங்க வந்தேன். செத்த செடியை வேலி ஓரம் நின்று பார்த்தேன். அந்த அம்மா கொடுத்த தண்ணீர் நல்ல தண்ணீர். உன்னைப் பார்க்காமல் வந்துவிட்டேன். பிறகு வந்த செழிப்புக் கார்டை வைத்திருக்கிறேன், நீயே கிழித்துப் போடு. தோல் நன்றாகக் காய்ந்தது. உப்பு இல்லை, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாக் காயையும் பறித்துக்கொண்டு வராதே. நல்லதாக ஒன்றை விதைக்கு விட்டுவிட்டு வா.